கோள் கொள்ளானது ஏன்?
தடித்துச் சாய்ந்த தலைப்பெழுத்துகள் பற்றி ஒரு மதிப்பீடு

கல்வராயன் மலையில் வெள்ளிமலையை அடுத்த ஒரு பள்ளியில், தொலைநோக்கி வழியாகக் கோள்களைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். மாணவர்களை அழைக்கப் பிளெக்ஸ் தட்டி ஒன்று வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, எழுத்தை நானே தேர்ந்தெடுத்தேன். தடித்த கோடுகள், அவற்றை இணைக்கும் மயிரிழைக் கோடுகள், வலப்புறமாக ஒரு சாய்வு. பார்த்த மாத்திரத்தில் மனத்தைக் கவரும் எழுத்து. ‘கோள் காண வாரீர்’ என்ற மூன்று சொற்களும் திரையில் துள்ளி ஓடுவன போல் தோன்றின.

தட்டி பள்ளி வாயிலில் கட்டப்பட்டது. மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், சாலையின் மறுபுறத்தில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தான்.

“சார், கொள்ளு தரப் போறீங்களா?”

உடன் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு கோள் காண வந்தவர்கள் நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிப்பேர்கூட இல்லை. மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வீடு திரும்பும் வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பையன் தவறாகப் படித்தானா, அல்லது நான் தவறாக எழுதினேனா? இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதை அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த அளவையின் முடிவே இந்த மதிப்பீடு.

இந்த எழுத்து எங்கிருந்து வந்தது?

தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மிகைப்படுத்தி அழகு காண்பது ஐரோப்பிய அச்சுக்கலையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓங்கிய முறை. இத்தாலியில் பார்மா நகரில் ஜாம்பட்டிஸ்டா போடோனி (1740–1813), பாரிசில் டிடோ குடும்பத்தினர் ஆகியோர் இதில் புகழ்பெற்றவர்கள். வழவழப்பான தாளும் நுட்பமான அச்சு வார்ப்பும் கிடைத்தபின்தான் இது இயன்றது. முரட்டுத் தாளில் மயிரிழைக் கோடு பதியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் அச்சு வார்ப்பாளர்கள் தடித்த கோட்டை மேலும் பருமனாக்கி, சுவரொட்டிகளுக்கென்றே கொழுத்த எழுத்துகளை வார்த்தனர். புத்தகம் படிப்பதற்கு அன்று, விளம்பரம் பார்ப்பதற்கென்று எழுத்து பிறந்தது இக்காலத்தில்தான் எனலாம்.

சாய்வின் வரலாறு இதனினும் பழையது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் 1501-இல் வெளியிட்ட வெர்ஜில் கவிதை நூல் முழுவதும் சாய்ந்த எழுத்தில் அச்சானது. அதன் அச்சுகளை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலத்து இத்தாலியர் விரைந்து எழுதிய கையெழுத்தே அதற்கு மாதிரி. ஆகவே ரோமன் எழுத்தில் ‘இட்டாலிக்’ என்பது நேர் எழுத்தைச் சாய்த்து வைத்தது அன்று. சில எழுத்துகளின் உருவமே மாறும். ஆங்கிலச் சிறிய ‘ஏ’ எழுத்து, நேர் அச்சில் இரண்டு அடுக்காகவும் இட்டாலிக்கில் ஒரே சுழியாகவும் இருப்பதைக் காணலாம்.

தமிழுக்கு இத்தகைய மரபு இல்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே தடிமனாகவே ஓடியது. தடிப்பும் மென்மையும் பேனாவோடும் அச்சோடும் வந்து சேர்ந்தவை. தமிழில் சாய்வு என்பது உருவ மாற்றம் அன்று, நிற்கும் கோணத்தின் மாற்றம் மட்டுமே. கூகுள் நிறுவனத்தின் ‘நோட்டோ’ எழுத்துருத் திட்டத்தில் வந்த ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் சாய்ந்த வடிவம் முதலில் ‘ஸ்லாண்டட்’, அதாவது ‘சாய்க்கப்பட்டது’ என்ற பெயரிலேயே வெளிவந்தது. இப்போது எழுத்துருத் தொகுப்புகளில் ‘இட்டாலிக்’ என்று கிடைக்கிறது. என்னைக் கேட்டால் முதற்பெயரே உண்மையான பெயர் என்பேன்.

சாய்த்தால் என்ன ஆகும்?

பாடநூலில் சறுக்குப் பெயர்ச்சித் திரிபு என்று படித்திருப்பீர்கள். தடித்த புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்து, மேலட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் புத்தகம் சாய்கிறது. அதன் பக்கத் தோற்றம் செவ்வகத்திலிருந்து சாய்சதுரம் போன்ற இணைகரமாக மாறுகிறது. பரப்பு மாறுவதில்லை. கணிப்பொறியில் சாய்வுப் பொத்தானை அழுத்தும்போது, தனியாகச் சாய்ந்த எழுத்துரு இல்லாவிட்டால், எழுத்துக்கு நேர்வதும் இதுவே.

பரப்பு மாறாததால் ஒரு விளைவு உண்டு. நீளும் கோடு மெலியும், குறுகும் கோடு தடிக்கும். 12 பாகை சாய்ப்பதாகக் கொள்வோம். வலப்புறம் ஏறும் 45 பாகைக் கோடு ஏறத்தாழ 11 விழுக்காடு நீண்டு, 10 விழுக்காடு மெலிகிறது. இடப்புறம் ஏறும் கோடு அதற்கு நேர்மாறாகக் குறுகி, ஏறத்தாழ 11 விழுக்காடு தடிக்கிறது. வட்டமான சுழிகள் சாய்ந்த நீள்வட்டங்கள் ஆகின்றன. தமிழ் எழுத்தோ சுழிகளாலேயே ஆனது. ஒரே தடிமனுள்ள எழுத்தில் இந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். தடிப்பும் மென்மையும் முன்பே எட்டு மடங்கு வேறுபடும் எழுத்தில், மெலிந்த கோடு மேலும் மெலிவது பெரிய இழப்பு.

எழுத்துக் கலைஞர் சாய்ந்த எழுத்தைத் தனியே வடிக்கும்போது இக்குறைகளை ஒவ்வொரு கோடாகத் திருத்த வழி இருக்கிறது. பொத்தான் திருத்தாது. என் தட்டியில் இருந்தது பொத்தான் சாய்வு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

எழுத்தின் அடையாளம் எங்கே இருக்கிறது?

இனி ‘கோள்’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘கோ’வுக்கும் ‘கொ’வுக்கும் உள்ள வேறுபாடு என்ன? ஒன்றில் இரட்டைக் கொம்பு, மற்றதில் ஒற்றைக் கொம்பு. மற்றபடி இரண்டிலும் அதே ‘க’, அதே கால்.

இந்த வேறுபாடு தமிழில் தொன்றுதொட்டு இருந்ததன்று. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலைகளில் அந்தப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. புள்ளியிட்டால் ஓலை கிழியக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். படிப்பவர் இடம் நோக்கி அறிந்துகொண்டனர். நெடிலுக்குக் கொம்பின் மேல் மற்றொரு சுழியைச் சேர்த்து, குறில் நெடில் குழப்பத்தைத் தீர்த்த பெருமை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்கு உரியது என்று தமிழ் எழுத்து வரலாற்றில் கூறப்படுகிறது. அவர் சேர்த்தது ஒரு சிறு சுழி. அந்தச் சுழியின் உள்வெளியை என் தடித்த எழுத்து அடைத்துவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ந்திருந்த குழப்பத்தை நான் ஒரு மாலைப் பொழுதில் மீட்டுக்கொண்டு வந்தேன் என்றே சொல்ல வேண்டும்!

‘கோ’ மட்டும் அன்று. இரண்டு சுழி ‘ன’வுக்கும் மூன்று சுழி ‘ண’வுக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழி. ‘எ’வை ‘ஏ’ ஆக்குவது அடியில் ஒரு சிறிய சாய்கோடு. பெரும்பாலான அச்செழுத்துகளில் ‘ர’வையும் காலையும் பிரித்துக் காட்டுவதும் அடியில் உள்ள அத்தகைய சாய்கோடே. எல்லா எழுத்தும் சாய்ந்து நிற்கும்போது, சாய்வையே அடையாளமாகக் கொண்ட கோடு கூட்டத்தில் மறைந்துபோகிறது.

இங்கேதான் இவ்வகை எழுத்தின் அடிப்படைக் குறை இருப்பதாக நான் கருதுகிறேன். இதன் அழகு தடித்த கோடுகளில் இருக்கிறது. தமிழ் எழுத்தின் அடையாளமோ பெரும்பாலும் சிறு சுழிகளிலும் மெல்லிய இணைப்புகளிலும் இருக்கிறது. தொலைவு கூடக்கூட முதலில் மறைவது அடையாளம். அழகு மட்டும் எஞ்சுகிறது.

கண்ணின் கணக்கு

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் அமைத்த எழுத்து அட்டையை மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். இயல்பான கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கான ஒரு நிமிடக் கோண இடைவெளியைப் பிரித்தறியும் என்பது அதன் அடிப்படை. 10 மீட்டர் தொலைவில் இக்கோணத்துக்கு உரிய நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஸ்னெல்லன் தம் எழுத்துகளில் எல்லாக் கோடுகளையும் ஒரே தடிமனாக, உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காக வைத்தார் என்பதை நினைவில் கொள்க. அளக்க வந்தவருக்கு மெல்லிய கோடு உதவாது.

கணக்குக்காக, 6 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் எழுத்தில் தடித்த கோடு 12 மில்லிமீட்டர், மெல்லிய கோடு 1.5 மில்லிமீட்டர், கொம்பின் உள்வெளி 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் 10 மீட்டரில் நிற்கிறார். நல்ல கண்ணுக்கு இது படிக்கக்கூடியதே. மெல்லிய கோடு பிரித்தறியும் எல்லையில் பாதி அளவே என்றாலும், தனிக்கோடு சட்டென்று மறைந்துவிடாது. அதன் கருமை அக்கம்பக்கத்தில் பரவிச் சாம்பல் நிறக் கோடாகத் தெரியும்.

ஆனால் வாசகர் எல்லாரும் நல்ல கண் உடையவர் அல்லரே. கண்ணாடி அணியாத, அரை டயாப்டர் கிட்டப்பார்வை உள்ள ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். தொலைவில் உள்ள ஒரு புள்ளி அவன் விழித்திரையில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழும். அந்த வட்டத்தின் கோண அளவைக் காண எளிய வழி உண்டு. கண்பாவையின் விட்டத்தை மீட்டரில் எழுதி, டயாப்டரால் பெருக்க வேண்டும். பகலில் கண்பாவை 3 மில்லிமீட்டர் எனில், 0.003 × 0.5 = 0.0015 ரேடியன். 10 மீட்டரில் இது 15 மில்லிமீட்டர் வட்டம்.

இனி ஒவ்வொரு கோடும் இந்த வட்டத்தில் எவ்வளவு பங்கை நிரப்புகிறது என்று பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் தடித்த கோட்டின் நடுவில் பத்தில் ஒன்பது பங்கு கருமை எஞ்சுகிறது. 1.5 மில்லிமீட்டர் மெல்லிய கோட்டில் எஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. கொம்பின் உள்ளே உள்ள வெண்மையில் எஞ்சுவது கால் பங்கு. அதாவது மெல்லிய கோடு வெளுத்துவிட்டது, உள்வெளி கறுத்துவிட்டது, தடித்த தூண்கள் மட்டும் கம்பீரமாக நிற்கின்றன. இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகத் தெரிந்ததில் வியப்பு என்ன?

அதே 6 சென்டிமீட்டர் உயரத்தில், எல்லாக் கோடுகளும் 8 மில்லிமீட்டர் தடிமனாக, நேராக நிற்கும் எழுத்தை எழுதினால், ஒவ்வொரு கோட்டிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கருமை எஞ்சும். எந்தக் கோடும் கம்பீரமாக இராது, ஆனால் எந்தக் கோடும் காணாமற் போகாது.

கொள்ளு கேட்ட மாணவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான் என்று சொன்னேன் அல்லவா? அதற்கும் இயற்பியல் உண்டு. இமைகளைச் சுருக்கினால் ஒளி புகும் வாயில் மேலும் கீழும் குறுகுகிறது. அதனால் மங்கல் வட்டமும் அத்திசையில் சுருங்குகிறது. ஊசித்துளைக் கேமராவின் தத்துவம் இதுவே. கிட்டப்பார்வை உள்ள குழந்தைகள் இதை எவரும் கற்றுக்கொடுக்காமலே கண்டுபிடித்துக் கொள்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க

இக்கணக்கை நம்பாத வாசகர்கள் தாமே சோதிக்கலாம். ‘கோள்’, ‘கொள்’, ‘மணம்’, ‘மனம்’ போன்ற சொற்களைத் தனித்தனித் தாள்களில், ஒரே உயரத்தில், இரண்டு வகை எழுத்திலும் அச்சிட்டுக்கொள்க. ஒன்று தடித்துச் சாய்ந்தது, மற்றது நேரான சீர்கோட்டு எழுத்து. வீட்டில் பெரியவர்கள் படிக்கப் பயன்படுத்தும் +1 கண்ணாடியை அணிந்துகொண்டு ஓரிடத்தில் அமர்க. நல்ல கண்ணும் இப்போது ஒரு டயாப்டர் கிட்டப்பார்வைக் கண்ணாகிவிடும். கண்ணாடியோடு நடக்க வேண்டாம், தடுக்கி விழ நேரும். நண்பர் ஒருவர் தாள்களைக் கலைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே பின்னால் செல்லட்டும். எந்தத் தொலைவில் முதல் தவறு நேர்கிறது என்று இரண்டு வகைக்கும் குறித்துக்கொள்க. எந்த எழுத்தில் தவறு நேர்ந்தது என்பதையும் குறியுங்கள். அந்தப் பட்டியலே உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை.

அப்படியானால் இவ்வெழுத்து வேண்டாமா?

அப்படிச் சொல்வது நியாயம் ஆகாது. வார இதழின் முகப்பில், கதையின் தலைப்பில், புத்தக அட்டையில், திருமண அழைப்பிதழில் இவ்வெழுத்து செய்வதை வேறு எழுத்து செய்யாது. கையில் பிடித்துப் படிக்கும் தொலைவு 35 அல்லது 40 சென்டிமீட்டர்தான். அங்கே மெல்லிய கோடு மறைவதில்லை, தடித்த கோட்டுக்கு அணியாக நிற்கிறது. சாய்வு ஒரு விரைவை, ஓர் உணர்ச்சியைத் தருகிறது. ஓவியர்கள் கையால் தலைப்பு எழுதிய காலத்தில் இந்தத் துடிப்பு தாராளமாகக் கிடைத்தது. அதை இன்று அச்செழுத்தில் தேடுவது இயல்பே.

நோட்டோ செரிஃப் தமிழில் மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சாய்ந்த வடிவமும் தனியே உண்டு. திறந்த உரிமத்தில் வெளிவந்திருப்பதால் கிராமத்துப் பள்ளியும் விலையின்றிப் பயன்படுத்தலாம். இது பாராட்டத்தக்க பணி. தடித்துச் சாய்ந்த தமிழ் எழுத்து வேண்டுவோர் பொத்தானை அழுத்தாமல், இவ்வாறு தனியே வடித்த எழுத்தை நாடுவதே முறை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். நேர் எழுத்தின் எலும்புக்கூடே சாய்ந்த எழுத்திலும் இருக்கிறது. விரைந்து எழுதும் தமிழ்க் கையெழுத்தை மாதிரியாகக் கொண்டு, சுழிகள் திறந்து, கொம்புகள் தெளிந்து நிற்கும் தலைப்பெழுத்து ஒன்றை வடிப்பதற்கு இன்னும் இடம் இருக்கிறது. தமிழின் உண்மையான ‘இட்டாலிக்’ அதுவாகவே இருக்கும். கூகுளைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஓவியக் கல்லூரி மாணவர்கள் எடுத்துச் செய்யத்தக்க பணி என்பதால் சொல்கிறேன்.

தொலைவிலிருந்து படிக்க வேண்டியவற்றுக்கு மட்டும் என் தீர்ப்பு உறுதியானது. நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் விதி இது: மிக மெல்லிய கோடு எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மீட்டர் தொலைவுக்கே அந்த எழுத்தை நம்புக. 10 மீட்டருக்கு எழுத வேண்டுமானால் மெல்லிய கோடு 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மேலே கண்ட விகிதத்தில் சாய்ந்த எழுத்தை எழுதினால் தடித்த கோடு 80 மில்லிமீட்டர், எழுத்தின் உயரம் 40 சென்டிமீட்டர் ஆகிறது. சீர்கோட்டு எழுத்துக்கு 7.5 சென்டிமீட்டர் போதும். உயரத்தில் ஐந்து மடங்குக்கு மேல், துணியின் பரப்பில் ஏறத்தாழ 28 மடங்கு! அவ்வளவு பெரிய தட்டிக்குப் பணம் உள்ளவர்கள் அழகைத் தேடட்டும்.

அருவிக்கரையில் ‘ஆழம்’ என்று எச்சரிக்கும் பலகை, மலைச்சாலை வளைவில் வைக்கும் பலகை, மருந்துப் புட்டியின் எச்சரிக்கை, தடுப்பூசி முகாம் அறிவிப்பு ஆகியவை வேறு. ‘குளிக்காதீர்’ என்ற சொல்லில் தடையைச் சொல்வது ‘காதீர்’ என்ற பின்பாதி. ஒரு காலும் ஒரு சுழியும் மங்கினால் எஞ்சுவது ‘குளி’ என்ற முன்பாதிதான். அங்கே அழகுக்காக ஒரு மயிரிழைக் கோட்டைக்கூடப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. அப்பலகையைப் படிப்பவர் பலர், குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளைகள். கல்வராயன் மலையில் மட்டும் அன்று, எங்கும் அப்படியே. பழகிய வாசகர் பாதி எழுத்தைப் பார்த்தே சொல்லை ஊகித்துவிடுவார். புதிய வாசகர் ஒவ்வோர் எழுத்தையும் நம்பிப் படிக்கிறார். எழுத்து அவரை ஏமாற்றக் கூடாது.

அடுத்த மாதம் மீண்டும் தட்டி எழுதினோம். நேரான, சீரான, அலங்காரம் இல்லாத எழுத்து. கடைக்காரர், “என்ன சார், இவ்வளவு சாதாரணமா இருக்கே?” என்றார். இருக்கட்டும் என்றேன். அன்று இரவு தொலைநோக்கியின் முன் வரிசை நீண்டிருந்தது. வியாழனையும் அதன் நான்கு துணைக்கோள்களையும் பார்த்த அந்த மாணவன், “கோள்தான் சார், கொள்ளு இல்லை” என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். தொலைநோக்கியைத் தன் கண்ணுக்கேற்ப அவன் திருகித் திருகிச் சரிசெய்ததை நான் கவனித்திருந்தேன். கண் பரிசோதனைக்கு அவனை அழைத்துச் செல்லுமாறு அவன் ஆசிரியரிடம் கூறினேன். பரிசோதனையில் கிட்டப்பார்வை தெரியவந்தது. இப்போது கண்ணாடி அணிகிறான்.

உங்கள் வகுப்பில் எவனாவது ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால், சிரிப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: அவன் கண்ணை, பின் உங்கள் எழுத்தை.